வீண் விதியை நீக்கச் சொல்லி அமைச்சருக்கு எழுதுவது எப்படி?

நியூசிலாந்தில் பதினோரு ஆண்டுகளாகச் சலூன் நடத்துகிறேன். அர்த்தமில்லாத விதி ஒன்று கழுத்தை நெரித்தால் கடைக்குள்ளேயே புலம்பிக்கொண்டிருக்காதீர்கள், எழுதுங்கள்.

எழுதுமுன், அமைச்சரால் எது முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒழுங்குமுறைக்கென்றே, அதாவது அரசு விதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே, இங்கே ஓர் அமைச்சர் உண்டு. 2023 நவம்பரில் டேவிட் சீமோர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2024 மார்ச்சில் அதற்கெனத் தனி அமைச்சகமும் வந்தது. ஆனால் விதிகள் பெரும்பாலும் வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. முடிதிருத்துவோருக்கான 1980ஆம் ஆண்டு விதிகளைச் சுகாதாரத் துறைதான் வைத்திருந்தது. ஒழுங்குமுறை அமைச்சர் இப்படிப்பட்ட விதிகளை ஆராயச் சொல்லலாம், அமைச்சரவைக்குக் கொண்டுபோகலாம். தனியாக அழிக்க முடியாது. சட்டத்தையே மாற்றுவதென்றால் நாடாளுமன்றம் வேண்டும். ஊர் கவுன்சில் போட்ட துணைவிதி என்றால் கவுன்சிலுக்கே எழுதுங்கள்.

அதனால் விதியின் பெயர், ஆண்டு, எண் மூன்றையும் அரசின் சட்ட இணையதளத்தில் பார்த்துக் குறியுங்கள். எந்தத் துறை நிர்வகிக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும்.

அடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என் கடைக்கு ஆய்வுக்கு வந்தவர் டேப்பை நீட்டி நாற்காலிகளுக்கு நடுவே அளந்தார். இடைவெளி போதவில்லை என்றார். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய நாற்காலியைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, டைல்ஸ் மாற்றினோம். இரண்டு நாள் கடை அடைப்பு. நான் எழுதியபோது டைல்ஸ் பில்லையும் இணைத்தேன். "மிகவும் சிரமம்" என்ற இரண்டு சொல்லைவிட அந்த பில் அதிகம் பேசும்.

எதை நீக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். சவரக்கத்தியைக் கிருமிநீக்கம் செய்வது வீண் வேலை இல்லை. கழுத்தில் ஒரு சிறு கீறல் வழியாகவே மஞ்சள்காமாலைக் கிருமி ஒட்டிக்கொள்ளும். 1980 விதிகளில் இருந்த விளக்கு வெளிச்சத்தின் அளவும், முடி வெட்டும்போது தேநீர் தரலாமா என்பதும் அந்த அளவு அவசியமானவை அல்ல. அந்த 1980 விதிகள் 2025இல் ரத்தாயின. என் கிருமிநாசினி ஜாடி இன்றும் கண்ணாடிக்கு முன்னால்தான் இருக்கிறது.

அனுப்பிய தேதியைக் குறித்துவையுங்கள். விதியை வைத்திருக்கும் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். பதிலே வரவில்லையா? 1982ஆம் ஆண்டு அரசுத் தகவல் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதம் தொடர்பான கோப்புகளைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.