கடற்கரை ஊரில் பழைய கார்களைப் பார்த்துக்கொள்வது

திருகோணமலையில் ஒரு பழைய நிசான் சனி காரும் மொரிஸ் மைனரும் முற்றத்தில் நின்றால், எஞ்சினைவிடக் கறள்தான் பெரிய தலையிடி. உவர்மலையோ உப்புவெளியோ, உப்புக்காற்று விடாது. மாரி தொடங்குமுன் கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே சின்னத் துளைகள் இருக்கும், வேப்பஞ்சருகும் மண்ணும் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று தகரத்தைத் தின்னும், ஒரு கம்பியால் குத்திவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பெயின்ற் கொப்பளித்த இடத்தில் மேலால் பூசி மறைக்க வேண்டாம். கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுதாகக் காயவிட்டு, அன்றைக்கே பிறைமர் அடியுங்கள்.

கழிவு ஒயிலை அடியில் பூசச் சொல்பவர்கள் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், எனக்கு உடன்பாடில்லை.

சரி, பற்றரி. கார் பொடியோடு, அதாவது உடல் தகரத்தோடு, பூட்டிய வயரை முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதுதான் கடைசி. சனியில் அது நெகற்றிவ்; பழைய மொரிஸில் பெரும்பாலும் பொசிற்றிவ், பார்க்காமல் சார்ஜர் கொடுக்காதீர்கள். மீற்றரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். காருக்கொரு சார்ஜர் தேவையில்லை, நல்லதாக ஒன்று போதும்.

நீண்டநாள் நிற்கும் காருக்கு ஹாண்ட்பிறேக் இழுக்காதீர்கள், பின் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு ரயருக்குக் கல் வையுங்கள். பிறேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், 2 வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம், ஸ்டான்ட் கட்டாயம். அப்புறம், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பதைவிட, வாரத்துக்கொருமுறை நிலாவெளிவரை ஓட்டிவந்தால் சைலன்சருக்குள் நிற்கும் தண்ணீரும் காய்ந்துவிடும்.