ஒகேனக்கல் பரிசல்: ஏறுமுன் சில விஷயங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமான டிக்கெட்டை வைத்து ஒகேனக்கல் போகும் நாளைக் குறிக்காதீர்கள். காவிரியின் நீர்வரத்தைப் பார்த்துக் குறியுங்கள். பிள்ளைகளின் விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கர்நாடகத்தில் அப்போது தென்மேற்குப் பருவமழை. கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால் தண்ணீர் தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு தாண்டி இங்கேதான் வரும். வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். முந்தின நாள் மாலையே 'ஒகேனக்கல் நீர்வரத்து' என்று செய்திகளில் தேடுங்கள். வினாடிக்கு எத்தனை கனஅடி என்பதோடு, தடை பரிசலுக்கா, குளிக்கவுமா என்பதும் இருக்கும். ஆடிப்பெருக்கன்று கூட்டம் நெரியும், வேண்டாம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். பஸ் உண்டு.

கட்டணம் ஆளுக்கு அல்ல, பரிசலுக்கு. ஓட்டியைத் தவிர நான்கு பேர் என்பது கணக்கு. ஐந்தாவது ஆள் இருந்தால் இரண்டாவது பரிசல்தான். பழைய பதிவுகளில் 750 ரூபாய் என்று இருக்கும், அதை நம்பி வராதீர்கள். அதைப்போல் இரண்டு மடங்காவது ரொக்கமாக வைத்திருங்கள். கவுன்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். 'ஐந்தருவி வரை போகலாம், மணல்திட்டில் இறக்கிவிடுகிறேன், தனியாகக் கொடுங்கள்' என்ற பேச்சு பெரும்பாலும் நடு ஆற்றில்தான் வரும். எந்த இடம் வரை, எவ்வளவு நேரம், மேற்கொண்டு எவ்வளவு என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். வெளிநாட்டு உச்சரிப்பு காதில் விழுந்தால் தொகை கொஞ்சம் ஏறும். உள்ளூரில் இருக்கும் உறவினரைப் பேசவிடுவது உத்தமம்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை. முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். வெளிப்புறத்தில் வெள்ளை உடையோடு உரசாதீர்கள். விளிம்பில் கால் வைத்தால் அந்தப் பக்கமே சாயும். நேராக நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கனமானவர்கள் எதிரெதிராக உட்காருங்கள். அருவியைப் படம் பிடிக்க நால்வரும் ஒரே பக்கம் எழுவதுதான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வார்களும் மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். பரிசலைச் சுற்றிவிடட்டுமா என்று ஓட்டி கேட்பார். தலைசுற்றல் உள்ளவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பரிசலில் ஏறுமுன் மீன் வாங்கி, அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மசாலாவுக்கும் சமையல் கூலிக்கும் தனி விலை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரையேறும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.