பொதுக் கருவியகத்துக்கு மாதிரி கொண்டுபோகும் முன்: கடலூர், புதுவை ஆய்வு மாணவர்களுக்கு

கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் திட்டப்பணியோ முனைவர் பட்ட ஆய்வோ செய்பவர், தம் துறையில் இல்லாத கருவியைத் தேடி இரண்டு திசைகளில் போகலாம். தெற்கே சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் மையக் கருவி ஆய்வகம் இருக்கிறது. வடக்கே காலாப்பட்டில், 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தின் மையக் கருவியகம் இருக்கிறது. இரண்டிலும் வேலை நடக்காதபோது, சென்னை ஐஐடியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும், எல்லாரும் ‘சைஃப்’ என்று அழைக்கும் கருவியகத்துக்கு மாதிரியை அனுப்பி வைப்பவர்களும் உண்டு. எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் உள்ளது என்று பார்ப்பதற்கு 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘ஐ-ஸ்டெம்’ இணையதளம் பயன்படும். ஆனால் பட்டியலில் இருக்கும் கருவி இந்த வாரம் ஓடுகிறதா, பழுதுபார்ப்பில் இருக்கிறதா என்பதைப் பேருந்து ஏறுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதுதான் மாணவர்களிடம் அதிகம் கேட்கும் குறை. அது பொய்யில்லை. ஆயினும், வரிசையில் கழியும் வாரங்களைவிட, சரியாகத் தயாரிக்காத மாதிரியாலும் அரைகுறையாக நிரப்பிய படிவத்தாலும் வீணாகும் மாதங்களே அதிகம் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவ்விரண்டைப் பற்றியது.

முதலில் கேள்வியைத் தீர்மானிக்க வேண்டும். செம் எனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தேடி “செம் எடுக்கணும் சார்” என்று வரும் மாணவரிடம் கருவியை இயக்குபவர் கேட்கும் முதல் கேள்வி “எதுக்குப்பா?” என்பதே; அதற்குப் பதில் இல்லாமல் முன்பதிவு செய்வதில் பொருளில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் ஃபிளை ஆஷை, அதாவது நிலக்கரி எரிந்து பறக்கும் நுண்சாம்பலை, எடுத்துக்கொள்வோம். அதில் என்னென்ன கனிமங்கள் படிக வடிவில் உள்ளன என்று அறிய எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர்ச் சிதறல் கருவி) வேண்டும். துகள்கள் உருண்டையா, உடைந்தவையா என்று பார்க்க செம் வேண்டும். அதிலுள்ள ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அறிய, அமிலத்தில் கரைத்து, தனிமங்களை நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி கருவியில் கொடுக்க வேண்டும். செம்முடன் இணைந்து, எக்ஸ்கதிரைக் கொண்டு தனிமங்களைக் கண்டறியும் ஈடிஎக்ஸ் எல்லாத் தனிமங்களையும் காட்டிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சாதாரணமாக எடையில் 0.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு அளவில் இருப்பதைத்தான் நம்பத்தக்கவாறு காட்டும். ஆய்வேட்டை அழகுபடுத்தும் வண்ண வரைபடத்துக்காக மட்டும் அதற்குக் கட்டணம் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

படிவத்தில் ஆய்வு நெறியாளரின் கையொப்பமும் துறைத்தலைவரின் முத்திரையும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவியை இயக்குபவர் படிப்பது வேறு இடத்தை: மாதிரி எந்தக் கரைப்பானில் கரையும், சூட்டில் உருகுமா, ஈரம் உறிஞ்சுமா, நச்சுத்தன்மை உண்டா, காந்தம் இழுக்குமா என்ற கட்டங்களை. அவற்றைக் காலியாக விடக் கூடாது. கட்டணம் உள்மாணவர், பிற கல்வி நிறுவனம், தொழிற்சாலை என்று வகைக்கேற்ப மாறும் என்பதால், நடப்பு ஆண்டின் கட்டணப் பட்டியலைப் பார்த்தே பணம் கட்ட வேண்டும். குப்பியின் மேல் எழுதும் குறியீடும் படிவத்தில் உள்ள குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் நேராக எழுதினால் ஒரு துளி அசிட்டோன் பட்டாலே அழிந்துவிடும். காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி ஒட்டி, அதன்மேல் செல்லோடேப் சுற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இனி மாதிரித் தயாரிப்பு. எக்ஸ்ஆர்டிக்கு வேண்டியது மாவு போன்ற தூள். அகேட் எனும் கடினக் கல்லால் ஆன கல்வத்தில் அரைத்து, இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் மணல் போல நெருடாமல் முகப்பூச்சுப் பவுடர் போல வழுக்கும் வரை அரைக்க வேண்டும். உங்கள் துறையில் அகேட் கல்வம் இல்லையென்றால் பக்கத்து வேதியியல் துறையில் கடன் வாங்குங்கள். பீங்கான் கல்வம் தேய்ந்து தன் துகளையும் மாதிரியில் கலக்கும்.

செம் வெற்றிடத்தில் வேலை செய்யும் கருவி. ஈரமோ எண்ணெயோ உள்ள பொருளை உள்ளே வைத்தால் வெற்றிடம் கெடும். அடுத்த வாரம் முழுவதும் மற்றவர்களின் வேலையும் கெடும். பண்ருட்டி முந்திரி ஓட்டிலிருந்து செய்த கரியைக் கொண்டுவருபவர், அதில் ஓட்டெண்ணெய் மிச்சமில்லாமல் கழுவி, அடுப்பில் உலர்த்தி, உலர்த்திய வெப்பநிலையையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். மின்கடத்தாத பொருளுக்குத் தங்கம் பூசுவார்கள். ஈடிஎக்ஸில் பாஸ்பரஸோ கந்தகமோ தேடுபவர் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் தங்கத்தின் எக்ஸ்கதிர் வரி 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், பாஸ்பரஸின் 2.01க்கும் கந்தகத்தின் 2.31க்கும் நடுவில் வந்து உட்காரும். அப்படிப்பட்டவருக்குக் கார்பன் பூச்சே பொருந்தும். ஃபிளை ஆஷில் இரும்பு கலந்த துகள்கள் இருக்கும். அவை எழும்பிக் கருவியின் காந்த லென்ஸில் ஒட்டிக்கொள்ளக்கூடும். குப்பியின் வெளியே ஒரு காந்தத்தைப் பிடித்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

அகச்சிவப்பு ஒளியால் மூலக்கூறின் தொகுதிகளைக் கண்டறியும் எஃப்டிஐஆரில் நம் கடற்கரைக் காற்றே எதிரி. மாதிரியோடு கலந்து வில்லையாக அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி திறந்த டப்பாவில் இருந்ததை எடுத்து வில்லை அழுத்தினால், வரைபடத்தில் 3400 செ.மீ⁻¹ (அலை எண்) அருகில் ஓர் அகன்ற பள்ளமும் 1640 அருகில் ஒரு சிறிய பள்ளமும் வரும். அது நீரின் கையொப்பம். மாணவர் அதை ‘ஹைட்ராக்சில் தொகுதி உறுதிப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார். புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் அங்கேதான் நிறுத்திக் கேட்பார். உப்பையும் மாதிரியையும் 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தி (மாதிரி அச்சூட்டைத் தாங்குமானால்), நூறு பங்கு உப்புக்கு ஒரு பங்கு மாதிரி என்ற அளவில் கலந்து, சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். நீல நிற ஜெல் ரோஸ் நிறமாகியிருந்தால் அது இனி வேலை செய்யாது. அடுப்பில் சூடாக்கி நீலமாக்கிய பிறகே வைக்கலாம்.

காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் என்எம்ஆருக்கு, கரிமச் சேர்மமானால் புரோட்டான் ஆய்வுக்கு ஐந்து முதல் பத்து மில்லிகிராம் போதும். கார்பன் ஆய்வுக்கு அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய குளோரோஃபார்மிலோ டிஎம்எஸ்ஓ கரைப்பானிலோ கரைத்து, பாஸ்டர் பிப்பெட்டில் சிறிது பஞ்சு அடைத்து வடிகட்டிக் குழாயில் விட வேண்டும். மிதக்கும் தூசி வரிகளை அகலமாக்கும். எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்த சேர்மம் சரியாக உலராவிட்டால் வரைபட அளவுகோலில் 1.26, 2.05, 4.12 பிபிஎம்மில் மூன்று அழகான வரிகள் தோன்றும். அவை உங்கள் சேர்மத்துடையவை அல்ல. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா. மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. ஏடிஎம் அட்டையை வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் அந்த அறைக்குள் போகவே கூடாது.

சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஊர்களின் நிலத்தடி நீரை ஐசிபிக்குக் கொடுப்பவர், கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2க்குக் கீழ் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லையேல் உலோகத்தின் ஒரு பகுதி பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கில் வராமல் போகும்.

குறித்த நாளில் வர முடியாவிட்டால் முந்தைய நாளே தெரிவியுங்கள். அந்த நேரம் இன்னொருவருக்குப் போகும், உங்கள் பெயரும் கெடாது. அனுமதித்தால், கருவியை இயக்குபவர் அருகில் அமர்ந்து பாருங்கள். பார்ப்பதோடு நில்லாமல் அங்கேயே சரிபார்க்கவும் வேண்டும். உதாரணமாக, தாமிர எக்ஸ்கதிரில் எடுத்த ஃபிளை ஆஷ் வரைபடத்தில் குவார்ட்ஸின் முதன்மை வரி 26.6 டிகிரியில் நிற்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் தூளைத் தட்டில் நிரப்பிய உயரம் சரியில்லை என்று ஐயப்படலாம். அப்போதே சொன்னால் மறுபடி நிரப்பி எடுத்துத் தருவார்கள், மறுமாதம் வந்து சொன்னால் புதுப் படிவமும் புதுக் கட்டணமும்தான்.

முடிவுகளைப் படமாக மட்டும் வாங்கிவரக் கூடாது. எக்ஸ்ஆர்டிக்கு எண்கள் அடங்கிய உரைக் கோப்பு, என்எம்ஆருக்கு மூலத் தரவுக் கோப்புறை முழுவதும், செம்முக்கு அளவுகோலும் மின்னழுத்தமும் உருப்பெருக்கமும் பதிந்த அசல் படம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் வைரஸ் பயத்தால் பென்டிரைவை ஏற்பதில்லை. மின்னஞ்சலிலோ குறுந்தகட்டிலோ தருவார்கள். ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் கருவியகத்தின் பெயரை நன்றியுரையில் குறிப்பிட்டு, வெளியான பிறகு ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்புவது முறை. அடுத்த நிதி விண்ணப்பத்தில் அவர்கள் காட்டும் கணக்கு அதுதான். மிஞ்சிய மாதிரியை வாங்கிக்கொள்ளக் குறிப்பிட்ட காலக்கெடு இருக்கும். அது முடிந்தால் கழிவில் போட்டுவிடுவார்கள் என்பதால், மறுபடி செய்ய அரிதான சேர்மம் என்றால் படிவத்திலேயே ‘திருப்பித் தரவும்’ என்று எழுதிவிடுங்கள்.