ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள்: பெல்ஜிய ஏலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோஷ்ஃபோர் 10 என்பது பெல்ஜியத்தில் துறவிகளின் மடத்துக்குள் காய்ச்சும் கருத்த ஏல், அதாவது ஒருவகை பியர். முதன்முதலில் குடித்தபோது ஏமாற்றமாக இருந்தது. இனிப்பும் ஆல்கஹாலின் காரமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாதியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனேன். அரை மணி நேரம் கழித்து வந்து கிளாஸை எடுத்தால் உலர்திராட்சை, அத்திப்பழம், முறுகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு என்று ஒரே மணம். அதை நான் அளவுக்கு மீறிக் குளிரவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பெரும்பாலோர் செய்யும் தவறும் இதுதான். தாகத்துக்குக் குடிக்கும் லாகர் என்ற வழக்கமான பியர் சில்லென்று இருக்கலாம். பெல்ஜிய ஏலின் சுவையில் பெரும்பங்கு ஈஸ்ட் கொடுப்பது. சற்று வெதுவெதுப்பில் புளிக்கும்போது அந்த ஈஸ்ட் வாழைப்பழம், கிராம்பு போன்ற வாசனைகளை உண்டாக்குகிறது. 3, 4 டிகிரியில் அந்த வாசனை மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். ஷிமே நீல லேபிள் போன்ற கருத்த ஏலுக்கு 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். வெஸ்ட்மாலெ டிரிப்பல் மாதிரி பொன்னிற ஏல் இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். வெயில் காலமென்றால் பத்து நிமிடமே போதும்.

அப்புறம் கிளாஸ். பாட்டிலோடு வாயில் வைத்துக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. வயிறு அகன்ற, காலுள்ள கிளாஸ் வேண்டும்; ஒயின் கிளாஸே போதும். டூவெல் என்ற பெல்ஜிய ஏலின் கிளாஸ் 33 சென்டிலிட்டர் பாட்டில் முழுவதையும் நுரையோடு தாங்கும். அதன் அடியில் செதுக்கிய 'டி' எழுத்திலிருந்து குமிழிகள் விடாமல் மேலே வந்து நுரையைக் காக்கும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் அந்த நுரை நிற்காது. அதனால் ஊற்றும் முன் கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். பெல்ஜியக் கடைகளில் அப்படித்தான் செய்வார்கள். நுரையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அது இந்த ஏலின் இயல்பு, வாசனையைப் பிடித்து வைப்பதும் அதுதான்.

இவற்றில் பல பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கின்றன, அதனால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். படுக்கவைத்த பாட்டிலைத் திறந்தாலும், விட்டுவிட்டு ஊற்றினாலும் அது கலங்கிவிடும். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, கிளாஸைச் சாய்த்து, ஒரே சீராக ஊற்றுங்கள். கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம். கெட்டுப்போனதென்று நினைத்துக் கொட்டவேண்டாம். சிலர் அதைத் தனியாக விரும்பிக் குடிப்பார்கள். டிரிப்பலில் மட்டும் அதைக் கலக்காதீர்கள், தெளிவான சுவை போய்விடும் என்பது என் கருத்து.

வெயில் படும் இடத்தில் பாட்டிலை வைக்கக் கூடாது. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சத்தில் வெளிச்சம் பட்டால் துர்நாற்றம் வரும்.

வேகமும் ஒரு தவறு. ரோஷ்ஃபோர் 10-இல் ஆல்கஹால் 11.3 சதவீதம். அதன் ஒரு சிறிய பாட்டிலில் இருப்பது, அதே அளவுள்ள 5 சதவீத லாகர் இரண்டு பாட்டில்களில் இருப்பதைவிட அதிகம். இதைக் குடித்துவிட்டு வண்டியைத் தொடவே கூடாது. ஒரு பாட்டிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சூடு ஏற ஏற வாசனை மாறுவதையும் கவனிக்க முடியும். தொட்டுக்கொள்ள உறைப்பான வறுவல் வேண்டாம், ஆல்கஹால் அந்த உறைப்பை இன்னும் கூட்டிவிடும். நன்கு முதிர்ந்த சீஸ் துண்டு ஒன்று இருந்தால் போதும்.