ஹென்றி தாமஸ் பாட்டை எப்படிக் கேக்கறதுங்க? பேசஞ்சர் வண்டில கத்துக்கிட்டது

அமெரிக்கக் கறுப்பின மக்களோட பழைய ப்ளூஸ் பாட்டு கேக்கலாம்னு ஆசையா ஆரம்பிச்சு, ரெண்டாவது நிமிஷத்துல "என்னடா இது, வடைச்சட்டில எண்ணெய் காயற சத்தம்தான் வருது"ன்னு மூடி வெச்சவங்களுக்குத்தான் இது. நானும் மூடுனவன்தானுங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போக தினமும் ஈரோட்டுல பேசஞ்சர் ஏறறவன், அதுல ஒக்காந்துதான் இந்த மனுசன் பாட்டு எனக்குப் புடிபட்டுச்சு.

ஹென்றி தாமஸ், அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல பிக் சாண்டி பக்கம் 1874ல பொறந்தவரு, அப்பா அம்மா அடிமையா இருந்து விடுதலையானவங்க. சின்ன வயசுலயே ஊட்டை விட்டுட்டு ரயில் ரயிலா ஏறி பாடிப் பொழைச்சாரு, 'ராக்டைம் டெக்சஸ்'னு பட்டப்பேரு. 1927ல இருந்து 1929க்குள்ள சிகாகோல வொகேலியன்ங்கற இசைத்தட்டு கம்பெனிக்குப் பாடுன 23 பாட்டு, அவ்வளவுதான் நமக்குக் கெடைச்சது. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற அந்தக் காலத்துத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம், மொத்தமும் கேட்டாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் எச்சா ஆகும். ஆனா ஒரே மூச்சுல கேக்காதீங்க, ஒரு நாளைக்கு நாலு போதும், இல்லீனா எல்லாம் ஒண்ணாட்டவே தெரியும்.

மொதல்ல நல்ல பதிவா தேடுங்க. ஆன்லைன்ல ஒரே பாட்டு பத்து இருக்கும், அதுல இரைச்சலே இல்லாம வழவழன்னு இருக்கறதை எடுத்துறாதீங்க, இரைச்சலை ரொம்ப வழிச்செடுத்தா கூடவே மேல்ஸ்தாயி சத்தமும் போயிரும், போர்வைக்குள்ள இருந்து பாடறாப்புல இருக்கும். கொஞ்சம் பொரியறதையே எடுங்க, அஞ்சு நிமிஷத்துல காது பழகிரும். போன் ஸ்பீக்கர் வேண்டாம், இயர்போன் மாட்டுங்க.

ஆரம்பிக்க வேண்டியது 'ரெயில்ரோடின் சம்'. அதுல பாட்டுன்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க, கிடார் ரயிலாட்ட ஓடும், நடுநடுவுல விசில் ஊதும், இவரு ஸ்டேசன் பேரா கூவிக்கிட்டே வருவாரு, டெக்சஸ்ல கெளம்பி டெக்சர்கானா, டல்லஸ், கான்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ்னு கடைசில சிகாகோ. ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளின்னு நம்ம வண்டி நின்னு நின்னு போறப்ப ஜன்னலோரம் ஒக்காந்து இதைக் கேட்டுப் பாருங்க, இங்கிலீசு புரியோணும்னே இல்ல. வண்டி தடதடங்கறதும் கிடாரும் ஒரு எடத்துல ஒண்ணா விழுந்துச்சு, அன்னிக்கு எனக்கு இரைச்சல் காதுலயே விழுகல.

அந்த விசில் என்னன்னு தெரியாம விட்டுறாதீங்க, அதுதான் விசயமே. 'குவில்ஸ்'னு பேரு, ஆத்தோர மூங்கிலை நீளமும் குட்டையுமா வெட்டி வரிசையா கட்டுன குழல், கிடார் வாசிச்சுக்கிட்டே ஊதுவாரு. ஒரு நா பொழுதோட எங்க அப்புச்சி பக்கத்துல இருக்கறப்ப 'ஓல்ட் கன்ட்ரி ஸ்டாம்ப்' போட்டேன். "ஏண்டா அப்புனு, இது பப்பாளித் தண்டு ஊதறாப்புல இருக்குது?"ன்னாரு. "வெட்டிப் பாக்கலாமுங்களா அப்புச்சி?"ன்னேன். நாலு தண்டை நாலு அளவுல வெட்டி, அடியை வெரலால அடைச்சு, மேல் ஓரத்துல ஊதுனாரு, குட்டைத்தண்டு கீச்சுன்னு, நெட்டைத்தண்டு பூம்முனு. நீங்களும் ஒருக்கா செஞ்சு பாருங்க, அப்பறம் 'ஃபிஷிங் ப்ளூஸ்' கேட்டா எந்தக் குழல்ல இருந்து எதுக்குத் தாவறாருன்னு காது தானா தொரத்தும்.

இன்னொண்ணு, ப்ளூஸ்னா சோகமா இழுக்கோணும்னு எதிர்பாக்காதீங்க. பேர்போன ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பொறக்கறப்பவே இவருக்கு 37 வயசு. இவரு பாடுனதுல பாதிக்கு மேல ப்ளூஸுக்கு முந்தி ஆட்டத்துக்குப் போட்ட பாட்டும் சாமி பாட்டும்தான், கிடார் கழுத்துல தந்தியை அமுக்கிப் புடிக்கற கேப்போங்கற கிளிப்பை மேல ஏத்தி மாட்டி, பேஞ்சோங்கற தந்தி வாத்தியமாட்ட வாசிப்பாரு. கோயில் நோம்பில உடுக்கை அடிச்சு அண்ணமார் கதை பாடறவங்களைக் கேட்டவங்களுக்கு இது சுளுவா புடிபடும். ஒரே தாளம் விடாம போகும், கதை அதுமேல ஏறி ஒக்காரும்.

பொறவால வந்தவங்க பாட்டை கடைசில கேளுங்க, நான் தலைகீழா கேட்டுத்தான் கெட்டேன். 'புல் டோஸ் ப்ளூஸ்' கேட்டுட்டு, உடனே கேன்ட் ஹீட்ங்கற அமெரிக்க ராக் குழுவோட 1968 பாட்டு 'கோயிங் அப் த கன்ட்ரி' போடுங்க. அதுல புல்லாங்குழல் ஊதறது நம்ம குவில்ஸ் ஊதுனதேதான், மெட்டும் அதேதான், சொல்லுதான் வேற. ஆனா தட்டுல எழுதுனவர் பேருன்னு அந்தக் குழுவுல பாடுன ஆலன் வில்சன் மட்டும்தான் இருக்கும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1963ல தாமஸோட 'ஹனி' பாட்டை எடுத்தப்ப தாமஸ் பேரையும் சேத்துப் போட்டாரு, அந்தளவுக்கு டிலன் தேவலைங்க. ரெண்டையும் கேட்டு முடிச்சுட்டு மறுபடி 'புல் டோஸ்' போடுங்க, சிகாகோல அந்தக் குழலை ஊதறப்ப மனுசனுக்கு அம்பது தாண்டியாச்சு.