பிரவுசர் இழுக்கிறதா? ரீசெட் பட்டனைத் தொடும் முன்

செங்கோட்டை, புளியரை பக்கத்து இன்டர்நெட் சென்டர்களில் ஒரே கம்ப்யூட்டரில் காலையில் தமிழ்நாட்டு அரசு விண்ணப்பம் ஓடும், மதியம் ஆரியங்காவிலிருந்து வந்தவருக்குக் கேரள விண்ணப்பம் ஓடும். பல கை படும் மெஷின். ஆளாளுக்கு ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டரோ மலையாள டைப்பிங் எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஏற்றிவிட்டுப் போவார்கள். குரோம் இழுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

ரீசெட், அதாவது பிரவுசர் செட்டிங்கை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது, பலிக்குமா என்று முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ ஜன்னல் வரும். நீங்களே அனுமதித்திருந்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன் ஓடாது. பழைய குக்கீயும் (லாகின் போன்றவற்றை நினைவில் வைக்கத் தளங்கள் சேமிக்கும் சிறு தகவல்) இருக்காது. இழுத்த தளம் அங்கே சட்டென்று திறந்தால் கோளாறு பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனிலோ குக்கீயிலோதான், ரீசெட் செய்யலாம். அங்கேயும் இழுத்தால் இன்டர்நெட் லைனையோ ரேமையோ பார்க்க வேண்டும். ஷிப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று குரோமே காட்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் அரசுத் தளம் திணறுவதற்கு ரீசெட் மருந்தல்ல.

வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், இடப்பக்கப் பட்டியலில் 'ரீசெட் செட்டிங்ஸ்'. மெனு மலையாளத்தில் இருந்தால் பட்டியலின் கீழ்ப்பகுதியில், எக்ஸ்டென்ஷனுக்குச் சற்று மேலே இருக்கும் வட்ட அம்புக்குறிதான் அது. உறுதி கேட்கும் பெட்டியில் 'ரீசெட்' கொடுத்தால் வேலை முடிந்தது.

ஹோம் பேஜ், தேடுபொறி, பின் செய்த டேப் எல்லாம் பழையபடி ஆகிவிடும். குக்கீ போய்விடுவதால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. கூட்டமான நேரத்தில் செய்யாதீர்கள். பாப்-அப் அனுமதியும் போய்விடும். ரசீது ஜன்னல் வராமல் நின்றால் காரணம் அதுவாக இருக்கலாம். அட்ரஸ் பார் ஓரத்தில் வரும் தடை அடையாளத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்ட் மூன்றும் அப்படியே இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது வசதி, சென்டருக்கு ஆபத்து. வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் போய்த் தனியாக நீக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படுமே தவிர அழியாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப ஆன் செய்துவிட்டு, ரீசெட் உதவவில்லை என்பார்கள். ஒவ்வொன்றாக ஆன் செய்து கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். தேவையற்றதை ரிமூவ் செய்யுங்கள். சொந்த மெஷினிலேயே மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று நின்றால், ஆன்டிவைரஸோ வேறொரு மென்பொருளோ பாலிசி (பிரவுசரைக் கட்டுப்படுத்தும் விதி) போட்டிருக்கலாம். ரீசெட்டுக்கு அது அசையாது. கன்ட்ரோல் பேனலில் தெரியாத மென்பொருள் உண்டா என்று தேடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் இதன் பெயர் 'ரிஃப்ரெஷ்'. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்தில் இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷனை அடியோடு நீக்கும், குக்கீயை விட்டுவைக்கும். பழைய தகவலை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவைக்கும்.

விண்டோஸ் 7 மெஷின் என்றால் 2023-இல் வந்த குரோம் 109-தான் அதற்குக் கடைசி. புதிய தளங்கள் அதில் தடுமாறினால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் சரியாகாது.