கடல் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம்: செயற்கைக்கோள் தரவை வைத்து ஒரு கணக்கு

கடல் நீர் ஆவியாகும்போது கூடவே வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இது உள்ளுறை வெப்பம். நீரும் காற்றும் தொட்டுக்கொண்டிருப்பதால் நேரடியாகக் கைமாறுவது உணர் வெப்பம். வெப்பமண்டலக் கடல்களில் முதலாவதுதான் பெரிது, அதிலேயே ஆரம்பிக்கலாம்.

எந்தச் செயற்கைக்கோளும் இதை நேரடியாக அளப்பதில்லை. தெரிந்தவற்றைப் பெருக்கித்தான் எடுக்க வேண்டும்:

உள்ளுறை வெப்பம் = காற்றின் அடர்த்தி × ஆவியாதல் வெப்பம் × பரிமாற்றக் குணகம் × காற்றின் வேகம் × ஈரப்பத வித்தியாசம்

பரிமாற்றக் குணகம் என்பது நீராவி எவ்வளவு எளிதாக மேலே போகிறது என்பதைச் சொல்லும் எண். முதல் மூன்றும் தோராயமாக 1.2, 25,00,000, 0.0012. பெருக்கினால் 3,600. இனி இரண்டே எண்கள்தான் தேவை: காற்றின் வேகம், நீரை ஒட்டிய காற்றுக்கும் மேலே உள்ள காற்றுக்கும் இடையிலான ஈரப்பத வித்தியாசம்.

படி 1: கடல் மேற்பரப்பு வெப்பநிலை. படி 3-ல் ஈரப்பதத்தைக் கணக்கிட இது வேண்டும். அகச்சிவப்புக் கருவிக்கு மேகம் தடை. மைக்ரோவேவ் கருவி மேகத்தை ஊடுருவும், ஆனால் பலத்த மழையிலும் கரையோரத்திலும் தடுமாறும். 2012-ல் ஏவப்பட்ட ஜப்பானியச் செயற்கைக்கோளில் உள்ள ஏஎம்எஸ்ஆர்-2 என்ற மைக்ரோவேவ் கருவி பழகுவதற்கு நல்லது. கோப்பில் கெல்வினில் இருந்தால் 273.15-ஐக் கழித்துவிடுங்கள்.

படி 2: காற்றின் வேகம். ஆஸ்கேட் போன்ற ஸ்கேட்டரோமீட்டர் (செயற்கைக்கோளில் உள்ள ஒருவகை ராடார்) தரும். அலைகளின் சொரசொரப்பிலிருந்து கணிக்கும் வேகம் இது, 10 மீட்டர் உயரத்துக்கானது.

படி 3: நீரை ஒட்டிய ஈரப்பதம். அங்கே காற்று பூரிதமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு, வெப்பநிலையிலிருந்து கணக்கிடலாம். உப்புக்காக ஆவியழுத்தத்தை 0.98-ஆல் பெருக்க மறக்காதீர்கள். 29 டிகிரிக்கு ஒரு கிலோ காற்றில் சுமார் 24.5 கிராம் நீராவி வரும்.

படி 4: மேலே உள்ள காற்றின் ஈரப்பதம். தலைவலி இங்கேதான். செயற்கைக்கோள் பார்ப்பது முழு வளிமண்டலத்தின் மொத்த நீராவியை. நமக்கு வேண்டியதோ அதன் அடித்தட்டு மட்டும். மாதச் சராசரியில் இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 1986-ல் ஆய்வாளர் டிமதி லியு காட்டினார். தினசரிக் கணக்குக்கு அது போதாது. ஆரம்பத்தில் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்விலிருந்து (அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்துத் தயாரித்த தரவு) எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: பெருக்கல். காற்றில் 18.5 கிராம் என்றால் வித்தியாசம் 6 கிராம். வேகம் வினாடிக்கு 7 மீட்டர். 3,600 × 7 × 0.006 = சதுர மீட்டருக்கு சுமார் 151 வாட். கிராமைக் கிலோவாக மாற்ற மறந்து, முதல் தடவை 1,51,200 என்று வந்ததைப் பார்த்து நான் அரை நாள் நிரலைக் குடைந்தேன்!

இதே இடத்தில் காற்று நீரைவிட 1 டிகிரி குளிர்ந்திருந்தால், உணர் வெப்பம் வெறும் 10 வாட். ஆனால் ஈரப்பதத்தில் 1 கிராம் பிசகினால் 25 வாட் பிசகும். அதனால் உங்கள் நேரத்தைப் படி 4-ல் செலவழியுங்கள்.

இன்னொன்று, தினமும் கணக்கிட்டு அப்புறம் சராசரி எடுங்கள். முதலிலேயே வேகத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியாகச் சராசரி ஆக்கிவிட்டால், இரண்டும் சேர்ந்து மாறுவது தொலைந்துபோகும்.

படி 6: சரிபார்ப்பு. வெப்பமண்டலக் கடல்களில் உள்ள டாவோ, ராமா மிதவைகளின் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கும். அவை காற்றின் வேகத்தை ஏறக்குறைய 4 மீட்டரிலும் ஈரப்பதத்தை 3 மீட்டரிலும் அளக்கின்றன. அப்படியே ஒப்பிடாமல், கடல்-காற்று வெப்பப் பரிமாற்றத்தைக் கணக்கிடும் கோர் (COARE) 3.0 நிரலில் போட்டு 10 மீட்டருக்கு மாற்றுங்கள். நாம் 0.0012 என்று வைத்த குணகத்தையும் அது காற்றின் வேகத்துக்கும் நிலைப்புத்தன்மைக்கும் (காற்று மேலும் கீழும் எவ்வளவு எளிதாகக் கலக்கிறது என்பதற்கும்) ஏற்ப மாற்றித் தரும்.